விருந்தும் வியாபாரமும்: ஓமான் மஜ்லிஸில் நடந்துகொள்ளும் முறை



நம் சங்கத்து அங்கத்தினர்களில் பேரீச்சம்பழம், அத்தர், குந்திரிக்கம் முதலான சரக்குகளில் புழங்குகிறவர்கள் சிலர் கொள்முதலுக்காக ஓமான் நாட்டுக்குப் போய் வருகிறார்கள். புறப்படுமுன் என் கடைக்கு வந்து விசாரிப்பார்கள். விமானக் கூலி என்ன, எந்தத் தங்குமிடம் மலிவு, முத்தரஹ் சூக்கில் நயமான லுபான் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். அந்த ஊர் மனிதர் வீட்டில் எப்படி உட்காருவது, கொடுப்பதை எப்படி வாங்குவது, எப்பொழுது எழுந்து வருவது என்று கேட்டவர் மிகச் சொற்பம். "நாமும் முஸ்லிம், அவரும் முஸ்லிம். ஸலாம் சொன்னால் போதாதா?" என்பது பலருடைய எண்ணம்.

கதவு திறப்பதற்கு ஸலாம் போதும். திறந்தபின் உள்ளே நடப்பதில் தீன் பாதி, ஊர் வழக்கம் பாதி. தீனை உஸ்தாதுமார் நமக்கு மதரஸாவில் ஓதிக் கொடுத்தார்கள். வழக்கத்தைச் சொல்லித் தர ஆளில்லை. அங்கே கடைகளிலும் வீடுகளிலும் நான் கண்டதையும், நீண்டகாலம் அங்கே இருப்பவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அரபு நாடு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ரியாதில் ஒரு வழக்கம், ஹள்ரமவ்த்தில் ஒரு வழக்கம், மஸ்கட்டில் வேறு வழக்கம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாம் பழகிய அரபுக் குடும்பத்தார் பெரும்பாலும் ஹள்ரமவ்த்திலிருந்து வந்து, பல தலைமுறையாக மலாய் பேசி வாழ்கிறவர்கள். அவர்களோடு பழகியதை வைத்து ஓமானியரை அளந்துவிடக் கூடாது. ஆகையால் இங்கே எழுதுவது ஓமானைப் பற்றியே. வேறிடத்துச் செய்தி வந்தால் இடத்தின் பெயரைச் சொல்லி எழுதுவேன்.

முதலில் நேரம். நாம் "நாலு மணிக்கு வருகிறேன்" என்போம். அவர் "அஸருக்குப் பின் வாருங்கள்" என்பார். அஸர் தொழுகை முடிந்து, வீட்டுக்கு வந்து, மஜ்லிஸில் விளக்குப் போட்டு அவர் உட்காரும் வேளைதான் அது. நாலு மணி அடித்தவுடன் வாசலில் போய் நிற்காதீர்கள். நடுப்பகலில் சூக்கில் கடைகளைச் சாத்திவிட்டு ஓய்வெடுப்பார்கள். அந்நேரம் ஒருவரைத் தேடிப் போவது பண்பன்று. வார விடுமுறை 2013 ஆம் வருஷம் மே மாதம் முதல் வெள்ளியும் சனியுமாக இருக்கிறது. பக்கத்துத் துபாயிலோ அரசாங்க அலுவலகங்களுக்கு 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள். இரண்டு ஊரையும் ஒரே பிரயாணத்தில் முடிக்க நினைப்பவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரமலானில் பகல்வேளை பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் அங்கே சட்டப்படி குற்றம். முஸாஃபிருக்கு ஷரீஅத்தில் சலுகை உண்டுதான். அந்தச் சலுகையை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்றும், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்றும் ஸூரத்துந் நூரில் 27, 28 ஆம் ஆயத்துக்களில் நாம் ஓதியிருக்கிறோம். அங்கே அது ஓதுவதோடு நிற்பதில்லை. கதவுக்கு நேரே நில்லாமல் ஓரமாக நிற்பார்கள். கதவு திறந்தால் உள்முற்றம் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே அப்படி. பல வீடுகளில் ஆண்களின் மஜ்லிஸுக்கு வெளிவாசலருகே தனி வழி உண்டு. அந்த வழியே போக வேண்டும், அந்த வழியே வர வேண்டும். உள்ளே பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் தலை திரும்பக் கூடாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்து, இருப்பவர் அனைவருக்கும் சேர்த்து ஸலாம் சொல்லி, பிறகு ஒவ்வொருவராகக் கை கொடுக்க வேண்டும். தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவரைத் தாண்டிப் போவது பெரிய அவமதிப்பு. வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். காலை நீட்டாதீர்கள், உள்ளங்கால் யாரையும் பார்க்கக் கூடாது.

சில கோத்திரத்தார் மூக்கோடு மூக்கு லேசாகத் தொட்டு முகமன் செய்வார்கள். அது அவர்களுக்குள் உள்ள வழக்கம். அவர் முகத்தை நெருக்கினால் நீங்களும் நெருக்குங்கள், இல்லையேல் கை கொடுப்பதோடு நில்லுங்கள். பெண்களுக்கு நாமாகக் கை நீட்டக் கூடாது. நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னால் போதும். அலுவலகங்களில் பெண் அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள். 2004 ஆம் வருஷத்திலேயே அந்நாட்டில் உயர்கல்வித் துறைக்கு ஒரு பெண்மணி அமைச்சரானார். ஆகையால் சரக்கு அனுமதிப் பத்திரம் ஒரு பெண் அதிகாரியின் மேசையில் இருந்தால், பக்கத்து மேசை ஆணைப் பார்த்துப் பேசுகிற நம்மூர் வழக்கம் அங்கே செல்லாது.

உட்கார்ந்ததும் நலம் விசாரிப்பு தொடங்கும். அது நீண்டுகொண்டே போகும். எப்படி இருக்கிறீர்கள், உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, பிரயாணம் எப்படி என்று கேட்டதையே வேறு வார்த்தையில் திரும்பக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ். அதன்பின் "சேதி என்ன?" என்று ஒரு கேள்வி வரும். உள்நாட்டு ஊர்களில் இது முக்கியமான சம்பிரதாயம். செய்தித்தாள் இல்லாத காலத்தில் வழிப்போக்கன்தான் சேதி கொண்டுவந்தான். எங்கே மழை, எங்கே சண்டை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் அவன் வாயால்தான் தெரிய வேண்டும். இப்பொழுது அந்தத் தேவை இல்லை, கேள்வி மட்டும் நிலைத்திருக்கிறது. "நல்ல சேதிதான், வேறொன்றுமில்லை" என்பதே விடை. நம்மூரில் "என்ன விசேஷம்?" என்றால் "ஒன்றுமில்லை" என்கிறோமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து லுபான் விலை ஏறிய கதையை விரித்துவிடக் கூடாது.

"வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். "உங்கள் மனைவி சுகமா?" என்று கேட்கக் கூடாது. பிள்ளைகளின் பேரைச் சொல்லி விசாரித்தால் மகிழ்ச்சியடைவார்கள். மூத்த மகன் பேரைச் சேர்த்து 'அபூ' இன்னார் என்று அழைப்பது மரியாதை. இன்னொன்று: நம்மிடையே சையது என்றால் பெருமானார் (ஸல்) அவர்களின் வமிசத்தார். ஓமானில் 'ஸய்யித்' என்பது அரச குடும்பத்தாருக்குரிய பட்டம். 'ஷேக்' என்பதும் கோத்திரத் தலைவருக்கு வழங்கும் பெயர். கண்டவரையெல்லாம் ஷேக் என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். முத்தரஹின் பழைய வியாபாரிகள் சிலர் ஹிந்துஸ்தானி நன்றாகப் பேசுவார்கள், ஆச்சரியப்பட வேண்டாம். 1970 வரை அங்கே இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய் புழங்கியது. இன்றும் ஒரு ரியாலுக்கு 1000 பைசா.

இனி கஹ்வா. இதுதான் விஷயத்தின் நடுநாயகம், ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

நம் கோப்பிக் கடைக் கோப்பி கறுப்பு, இனிப்பு, ஒரு குவளை நிறைய. அவர்களுடைய கஹ்வா வேறு. கொட்டையை லேசாக வறுத்து, ஏலம் தட்டிப் போட்டுக் காய்ச்சுவார்கள். சிலர் குங்குமப்பூவோ பன்னீரோ சேர்ப்பார்கள். நிறம் மஞ்சளாக இருக்கும், சர்க்கரை கிடையாது. இனிப்புக்குப் பேரீச்சம்பழம், அல்லது ஓமானுக்கே பேர்போன ஹல்வா. (அந்த ஏலம் ஒரு காலத்தில் மலையாளக் கரையிலிருந்து போனது. இன்று உலகச் சந்தையில் ஏலத்தை அதிகம் அனுப்புகிற நாடு குவாத்தமாலா. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அரபு நாட்டார். நம் மளிகைக்காரர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.) பழமும் ஹல்வாவும் முதலில் வரும், கஹ்வா பின்னால் வரும். ஹல்வாவை வலக்கை விரல்களால் கொஞ்சமாக எடுத்து உண்டுவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் நீரில் விரலைக் கழுவிக்கொள்ளலாம்.

கஹ்வா ஊற்றுகிறவர் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் வீட்டுக்காரரின் மகன் அல்லது தம்பியாக இருப்பார். அவரை வேலையாள் என்று எண்ணிவிடாதீர்கள். இடக்கையில் தல்லா எனும் நீண்ட மூக்குக் கூஜா, வலக்கையில் பிடியில்லாத சிறு ஃபின்ஜான்கள். முதல் கோப்பை விருந்தாளிக்கோ மூத்தவருக்கோ தரப்படும். வலக்கையால் வாங்க வேண்டும். அடியில் ஒரு மடக்குத்தான் இருக்கும். "என்ன, இவ்வளவு கஞ்சமா?" என்று எண்ணுகிறவர் உண்டு. விஷயம் நேர்மாறானது. கோப்பையை நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று பொருள். குறைய ஊற்றினால் "இரு, இன்னும் ஊற்றுகிறேன், சூடாகக் குடி" என்று பொருள். குடித்ததும் கோப்பையைத் தரையில் வைக்காமல் ஊற்றுகிறவர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார். போதுமென்றால் மணிக்கட்டை லேசாக இருபுறமும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு கோப்பையாவது ஏற்பது கடமை, மூன்று வரை அழகு, அதற்கு மேல் பேராசை. பசியில்லை, சர்க்கரை வியாதி, கோப்பி ஒத்துக்கொள்ளாது என்று எந்தக் காரணத்தினாலும் முதல் கோப்பையைத் தள்ளிவிடாதீர்கள். உதட்டில் வைத்துவிட்டாவது கொடுங்கள்.

2015 ஆம் வருஷம் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்தக் கஹ்வா உபசாரத்தையும், மஜ்லிஸ் எனும் கூடுமிடத்தையும் மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஓமான், ஸவூதி, அமீரகம், கத்தர் நான்கும் சேர்ந்து கேட்டு வாங்கிய அங்கீகாரம் அது. ஓமான் கிராமங்களில் பொது மஜ்லிஸுக்கு ஸப்லா என்று பெயர். கல்யாணப் பேச்சு, மய்யித்து விசாரிப்பு, நீர்ப்பங்கீட்டு வழக்கு எல்லாம் அங்கேதான்.

ஓமானுக்கு வெளியே, ஜோர்தான், நஜ்து முதலிய வடபாலைவனத்து பதுக்களிடம் கோப்பைகளுக்குப் பெயரே உண்டு. முதலாவது ஹைஃப். அதை வீட்டுக்காரரே குடித்து, இதில் கேடு ஒன்றுமில்லை என்று காட்டுவார். அடுத்தது ளைஃப், அது விருந்தாளியின் பங்கு. பிறகு கைஃப், இன்பத்துக்கு. அதற்கும் மேல் ஸைஃப், அதாவது வாள். அதைக் குடித்தவன் வீட்டுக்காரரின் பகைவன் வந்தால் கூட நின்று வாளெடுக்கக் கடமைப்பட்டவன். இன்று வாளில்லை. ஆனால் கோப்பையை வாங்குவதில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்ற நினைப்பு போகவில்லை.

அந்தப் பதுக்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏதேனும் வேண்டுதலோடு வந்தவர், ஊற்றிய கோப்பையைக் குடிக்காமல் தம் முன்னே வைத்துவிடுவார். பார்த்த மாத்திரத்தில் வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும். "உம் கஹ்வாவைக் குடியும், உம் காரியம் ஆயிற்று" என்று அவர் சொல்லும் வரை கோப்பை அப்படியே இருக்கும். கொலைப்பழிக்கு ஸமாதானம், பெண் கேட்டல் போன்ற பெருங்காரியங்களுக்குத்தான் இப்படிச் செய்வார்கள். கேட்டவர் குடிக்காமல் எழுந்து போய்விட்டால் வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் தலைகுனிவு. மஸ்கட்டில் இதை நான் கண்டதில்லை. ஆனால் இதை அறிந்த பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கிற்று. வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பவன் கேட்டால் "இல்லை" என்று சொல்வது அரபிக்கு மிகவும் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை அறிந்துகொண்டே அங்கே வாய் திறந்து கடன் கேட்பதும் விலை குறைக்கச் சொல்வதும், அவர் கழுத்தில் துண்டைப் போட்டு இழுப்பதற்குச் சமம்.

நமக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், சில வருஷங்களுக்கு முன் மஸ்கட் போனார். ஒரு மொத்த வியாபாரி அவரைப் பகல் உணவுக்கு வீட்டுக்கு அழைத்தார். பெரிய தட்டில் சோறு, முழு ஆட்டுக்கறி, பழம், ஹல்வா, கஹ்வா. நம்மவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கஹ்வா கையில் இருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து விலைப் பட்டியலை எடுத்தார். மூன்று மாதத் தவணைக்கு இவ்வளவு மூட்டை வேண்டும் என்றார். வீட்டுக்காரர் முகம் மாறாமல், "இன்ஷா அல்லாஹ், அல்லாஹ் எளிதாக்குவான்" என்றார். சற்றைக்கெல்லாம் ஊதுபத்திரம் வந்தது. நம்மவர் தங்குமிடத்துக்கு வந்து, வியாபாரம் முடிந்தது என்று பினாங்கிலிருந்த கூட்டாளிக்குப் போன் போட்டார். கூட்டாளி அங்கே நாலு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். சரக்கு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு நம்மவர் கடை கடையாக உட்கார்ந்து, அரபிகளுக்கு வாக்குச் சுத்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாக்கு எங்கே கொடுத்தார்? விருந்து கொடுத்தார். நம்மவர் அந்த விருந்தைக் கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதிவிட்டார். ஆட்டுக்கறியைப் பார்த்து இவ்வளவு செலவு செய்கிறவர் வியாபாரத்துக்கு ஒப்பாமலா இருப்பார் என்று எண்ணினார். அவர் வீட்டுக்கு யார் போயிருந்தாலும் அந்த ஆடு அறுக்கப்பட்டிருக்கும். விருந்து நமக்குச் சேர வேண்டிய ஹக்கு. நம் சரக்குக்கோ நம் ரொக்கத்துக்கோ அதில் பங்கில்லை. 'இன்ஷா அல்லாஹ்' என்பதும் அப்படித்தான். அது சம்மதமாகவும் இருக்கலாம், முகம் முறியாமல் மறுப்பதாகவும் இருக்கலாம். எது என்று அறிய மறுநாள் அவர் கடைக்குப் போக வேண்டும்.

முத்தரஹில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் மலபார்க் காக்கா ஒருவர் நம்மவருக்கு அடுத்த பிரயாணத்தில் புத்தி சொன்னார். "தம்பி, வீட்டுக்குப் போனால் வயிற்றோடு போ, கடைக்குப் போனால் காகிதத்தோடு போ" என்றார். அவர் சொற்படி நம்மவர் அதே வியாபாரியைக் கடையில் போய்ப் பார்த்தார். அங்கேயும் கஹ்வா வந்தது, நலம் விசாரிப்பு நடந்தது. ஆனால் கடைக் கஹ்வா வேறு, அங்கே பேரம் பேசலாம். நன்றாகவே பேசினார்கள், அரபியும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் மூன்று மாதத் தவணைக்கு ஒப்பவில்லை. பாதி ரொக்கம், மீதி சரக்கு இறங்கிய 30 ஆம் நாள் என்று எழுதி, இருவர் ஸாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சரக்கு சொன்ன தேதிக்கு வந்தது. தவணைக் கடனை எழுதி, ஸாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஸூரத்துல் பகராவின் 282 ஆம் ஆயத்து. குர்ஆனிலேயே நீளமான ஆயத்து அதுதான். எழுதச் சொன்னால் அரபி கோபித்துக்கொள்வார் என்று நம்மில் சிலர் அஞ்சுகிறார்கள். கடையில் எழுதச் சொன்னால் கோபிக்க மாட்டார். வீட்டில் எழுதச் சொன்னால்தான் கோபிப்பார்.

சாப்பாட்டு அதபு நம்மவர்க்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் சஹனில் உட்கார்ந்து உண்டவர்களுக்கு ஒரே தட்டில் பலர் உண்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிஸ்மி சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னிருப்பதையே உண்பது. வித்தியாசம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கறியைப் பிய்த்து உங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டே இருப்பார். சில வீடுகளில் விருந்தாளி உண்டு முடிக்கும் வரை அவர் உண்ணாமல் நின்று கவனிப்பார். நீங்கள் சீக்கிரம் கையெடுத்துவிட்டால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். ஆகவே மெல்லச் சாப்பிடுங்கள். மீதி உள்ளே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும் வீடுகளும் உண்டு, தட்டைக் கலைத்துவிடாதீர்கள். 14 ஆம் நூற்றாண்டில் ஓமானுக்குப் போன இப்னு பதூதா, நிஸ்வா ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு உணவைப் பள்ளிவாசல் முற்றத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக உண்டதையும், வழிப்போக்கரும் கூட உட்கார்ந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் ஒரு பொருளைக் கண்டு மிகவும் மெச்சாதீர்கள். சுவரில் தொங்கும் கஞ்சரை, தல்லாவை, விரிப்பை ஒருமுறை "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் புகழ்ந்தால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையில் திணித்துவிடுவார். வாங்கினாலும் சங்கடம், வாங்காவிட்டாலும் சங்கடம். நீங்கள் ஏதேனும் ஹதிய்யா கொண்டுபோனால் வலக்கையால் கொடுங்கள். பெரும்பாலும் உங்கள் முன் பிரித்துப் பார்க்க மாட்டார், பிடிக்கவில்லை என்று பொருளல்ல. உணவுக்காகப் பணம் நீட்டுவது மட்டும் கூடவே கூடாது.

அழைப்பை எப்போது ஏற்பது என்பதில் நம்மவர் தடுமாறுகிறார்கள். சாப்பிடும் வேளையில் வாசலைக் கடந்து போகிறவரைப் பார்த்து "தஃபழ்ழல்" என்பது மரியாதைச் சொல். அதற்கு துஆ சொல்லிவிட்டு நடக்க வேண்டும். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் அழுத்திக் கூப்பிட்டால் மெய்யான அழைப்பு. "வல்லாஹி, நீங்கள் உண்ணாமல் போகக் கூடாது" என்று ஸத்தியம் செய்துவிட்டால் பேச்சுக்கிடமில்லை. ஸத்தியம் செய்தவரின் ஸத்தியத்தை நிறைவேற்றிக் கொடுப்பது நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய காரியங்களில் ஒன்று என்று ஹதீஸில் வருகிறது. ஆகையால் விமானத்துக்கு நேரமாகிறது என்றிருந்தால், அவர் ஸத்தியம் செய்யுமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜமாஅத்துத் தொழுகையில் ஒரு விஷயம். ஓமானியரில் பலர் இபாளிய்யா வழியினர். கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவார்கள். பாத்திஹாவுக்குப் பின் ஆமீன் சொல்ல மாட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபினராகிய நாம் நம் முறைப்படி அதே ஸஃப்பில் நிற்கிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாமும் தொழுதுவிட்டு வாசலில் நின்று மஸ்அலா பேசக் கூடாது. அவர்கள் ஊரில் பார்த்ததையெல்லாம் ஸுன்னத் என்று இங்கே கொண்டுவந்து பரப்புவதும் தவறு. திஷ்தாஷா கழுத்தில் தொங்கும் குஞ்சமும் கும்மா தொப்பியும் ஓமானின் உடை, மார்க்கத்தின் உடையல்ல. நம் கைலியும் தொப்பியும் அணிந்து போனால் அங்கே மதிப்பாகவே நடத்துகிறார்கள். அரசாங்கத்தைப் பற்றியும் கோத்திரங்களைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள். படம் பிடிப்பதானால் கேட்டுப் பிடியுங்கள்.

போன இடத்தில் அவர் வீட்டில் மய்யித்து என்று கேள்விப்பட்டால் கொள்முதலை ஒத்திவைத்துவிட்டு ஸப்லாவுக்குப் போங்கள். மூன்று நாள் விசாரிப்பு நடக்கும். கை கொடுத்து, துஆச் சொல்லி, கொஞ்சநேரம் மௌனமாக இருந்து, கஹ்வாவை ஏற்று எழுந்து வாருங்கள். அங்கே சரக்குப் பேச்சு எடுத்தவருக்கு அந்தக் குடும்பத்தின் கதவு பிறகு திறக்காது.

இனி எழுந்து வருவது. உணவுண்டபின் பேச்சில் லயித்து உட்கார்ந்திராமல் கலைந்து செல்லுங்கள் என்று ஸூரத்துல் அஹ்ஸாபின் 53 ஆம் ஆயத்து நபியவர்களின் வீடு பற்றி இறங்கிற்று. அந்த அதபை அரபிகள் புகையால் நினைவூட்டுகிறார்கள். மஜ்மர் எனும் தூபக்காலில் ஊது அல்லது லுபான் புகைய, அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள். தாடிக்கும் உடைக்கும் புகை காட்டிக்கொண்டு அடுத்தவரிடம் நகர்த்த வேண்டும். சில வீடுகளில் அத்தரும் பன்னீரும் தருவார்கள். 'ஊதுக்குப் பின் உட்காருதல் இல்லை' என்பது அரபியில் எதுகையாக வரும் பழமொழி. "இன்னும் கொஞ்சம் இருங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்வார். சொல்வது அவர் கடமை, எழுவது நம் கடமை. மேலே சொன்ன நம்மவர் அந்தப் புகைக்குப் பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

வீட்டுக்காரர் வாசல் வரை, பெரும்பாலும் வண்டி வரை வருவார். தடுக்காதீர்கள். ஊர் வந்து சேர்ந்ததும் ஸுகமாக வந்தோம் என்று ஒரு போன் செய்யுங்கள். அந்தப் பேச்சில் சரக்கு, விலை, கப்பல் எதுவும் வேண்டாம். அதற்கு மறுநாள் கடை நேரத்தில் கடை எண்ணுக்கு வேறொரு போன் செய்துகொள்ளலாம்.